ஏழாம் வேற்றுமையில் ஒரு ஸ்தோத்திரம்

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியம் பார்க்க வரும் வங்காள, ஜார்கண்ட் குடும்பங்கள் பல, ஒரு பரிசோதனைக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஓரிரு நாள் கிடைத்தால் திருமலைக்கு வந்துவிடுகின்றன. மலையிறங்கியதும் திருச்சானூர் போய்ப் பத்மாவதித் தாயாரைச் சேவிக்கிறார்கள். மொட்டையடித்த தலையோடும் ஆஸ்பத்திரி ஃபைலோடும் மறுபடி பஸ் ஏறுகிறார்கள். திருச்சானூரிலிருந்து சித்தூர் வழியாக வேலூர் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அந்தச் சாலை நெடுக ஓடுவது வேண்டுதலும் நன்றியும்தான்: பிழைத்தால் முடி தருகிறேன் என்றவர்கள், பிழைத்ததால் தந்துவிட்டுப் போகிறவர்கள்.

நேர்த்திக்கடன் என்ற சொல்லிலேயே கடன் இருக்கிறது. கேட்டது கிடைத்தது, சொன்னதைக் கொடுத்தேன் என்ற நேர்மை அதில் இருக்கிறது. வேளாங்கண்ணிக்குக் கால்நடையாகப் போகும் கிறிஸ்தவருக்கும் இது அந்நியமில்லை. கேட்டது கிடைக்காதபோதுதான் சிக்கல் தொடங்குகிறது. குழந்தை பிழைக்கவில்லை, மழை வரவில்லை, கால் திரும்பவில்லை. அப்போது நன்றி என்ற சொல்லுக்கு என்ன பொருள்? கிறிஸ்தவ விசுவாசம் இந்தக் கேள்வியை இரண்டாயிரம் வருஷமாகச் சுமந்து வருகிறது. திருச்சானூரைச் சுற்றியுள்ள இந்தத் தமிழ்-தெலுங்கு எல்லைச் சீமைக்கு அதில் தனிப் பங்கு உண்டு.

1911இல் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்படும் வரை திருப்பதியும் திருச்சானூரும் வட ஆற்காடு ஜில்லாவில் இருந்தன. ஜில்லாவின் தலைநகரே சித்தூர்தான். 1853இல் ஸ்கடர் குடும்பத்துச் சகோதரர்கள் அமைத்த அமெரிக்க ஆற்காடு மிஷன் இங்கேதான் வேர் பிடித்தது. அந்தக் குடும்பத்தில் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் தொடங்கியதுதான் அந்த வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை. மதனப்பள்ளிக்கு அருகே, பல மிஷன்கள் சேர்ந்து கட்டிய காசநோய் சானடோரியம் 1915இல் திறக்கப்பட்டது. அந்த இடத்துக்கு ஆரோக்கியவரம் என்று பெயர். மருந்தே இல்லாத வியாதிக்குக் கட்டிய இடத்துக்கு வரம் என்று பேர் வைத்தார்கள். ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943இல். அதற்கு முந்தைய ஏறத்தாழ முப்பது வருஷமும் நோயாளிகளுக்குக் கிடைத்தவை மலைக்காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு, பக்கத்தில் ஒரு மனிதர். அங்கே மாதக்கணக்கில் படுத்திருந்தவர்களில் குணமாகி வீடு திரும்பியவரும் உண்டு, திரும்பாதவரும் உண்டு. வேளை வந்தால் ஜெபம் இருவருக்கும் ஒன்றாகவே நடந்திருக்கும்.

கேள்வியின் முடிச்சு ஒரு வேற்றுமை உருபில் இருக்கிறது. பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தில், எல்லாவற்றிலும் நன்றி செலுத்தச் சொல்கிறார். எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் வருவது எல்லாவற்றிற்காகவும். 1871இல் வெளியான பழைய தமிழ் வேதாகமம் இந்த வித்தியாசத்தைக் கவனமாகக் காப்பாற்றியிருக்கிறது. ‘இல்’ என்பது ஏழாம் வேற்றுமை, இடத்தைக் குறிப்பது. துன்பம் என்ற வீட்டுக்குள் இருந்துகொண்டும் ஸ்தோத்திரம் சொல்லலாம் என்பது அதன் பொருள். ‘க்காக’ என்பது காரணத்தைக் குறிக்கும். துன்பம் வந்ததற்காகவே ஸ்தோத்திரம் சொல் என்பது அதிலிருந்து எடுக்கக்கூடிய பொருள்.

இரண்டு உருபுக்கும் நடுவில் ஒரு மனிதனின் வாழ்க்கையே தொலைந்துபோகக்கூடும். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், இதற்காகவும் ஸ்தோத்திரம் சொல்லம்மா என்று சொல்வது கொடுமை. அதை நல்லெண்ணத்தோடு சொன்னாலும் கொடுமைதான். அந்தத் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் அழுது முடிக்கும்வரை இருந்து, பிறகு ஒரு வாய் கஞ்சி குடிக்க வைத்து, அந்தக் கஞ்சிக்காக இருவரும் கண்ணை மூடுவது வேறு. சபைகளில் இரண்டும் நடக்கின்றன. எபேசியர் நிருபத்தின் வரியைக்கூட அதன் சூழலோடு படித்தால், அது பாட்டும் கீர்த்தனையுமாகக் கூடியிருக்கும் சபையைப் பார்த்துப் பேசுவது தெரியும். தனியே துடிக்கும் ஒருவரின் வாயை அடைக்க எழுதியதல்ல அது.

அன்றாடத்தில் இந்த நன்றி எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லாமல் பெரிய துயரங்களுக்குப் போக முடியாது. தமிழ் வீட்டில் சோறு போட்ட அம்மாவுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. சொன்னால் அம்மாவே முகத்தை ஒருமாதிரி பார்ப்பாள். நன்றி நமக்கு நடத்தையில் இருப்பது, நாக்கில் இல்லாதது. கிறிஸ்தவ வீட்டிலும் அம்மாவுக்கு நன்றி சொல்வதில்லை, ஆனால் தட்டின் முன்னால் கண்ணை மூடி ஆண்டவருக்குச் சொல்லிவிடுகிறார்கள். எதிரில் வருபவருக்கு வணக்கமும் ‘ஸ்தோத்திரம்’ என்ற சொல்லாலேயே. சித்தூர்ப் பக்கம் போனால் அது தெலுங்கில் ‘வந்தனாலு’ ஆகிவிடும். வீட்டுச் சுவரில் ‘எபெனேசர்’ என்ற பெயர்ப்பலகை. இதுவரை உதவி வந்தது என்பதற்கு அடையாளமாகச் சாமுவேல் நாட்டிய கல்லின் பெயர் அது. கடன் வாங்கிக் கட்டிய வீட்டுக்கும் அதே பெயர்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்கள் ஆயர் கையில் சேரும். பிறந்தநாள், திருமண நாள், பிள்ளை பரீட்சையில் தேறியது, பித்தப்பைக் கல் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. ஒவ்வொரு கவருக்கும் ஒரு காரணம் எழுதியிருக்கும், சபை முன்னால் பெயர் வாசிக்கப்படும். ஒரு தெருவின் ஒரு வார வரலாற்றை அந்தக் கவர்களிலிருந்தே எழுதிவிடலாம். வீட்டில் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவது இன்னும் எளிய வழி. மிசோரம் சபைகள் 1910 முதல் இதையே ஒரு பெரிய இயக்கமாக நடத்தி வருகின்றன. தமிழ்ச் சபைகளிலும் பிடியரிசி உண்டு. கையில் காசே புழங்காத பெண்கள்கூடத் தங்கள் பங்காக எதையாவது கொடுக்க முடிந்தது அதனால்தான்.

அறுப்பின் பண்டிகையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சபை அன்று சந்தையாகிவிடும். வாழைத்தார், தேங்காய், பூசணி, கோழி, முட்டை, வேர்க்கடலை மூட்டை, வெல்ல உருண்டை எல்லாம் பலிபீடத்தின் முன்னால் குவியும். ஆராதனை முடிந்ததும் ஏலம். சந்தையில் அற்ப விலைக்குப் போகும் பூசணியை ஒருவர் பல மடங்குக்கு எடுப்பார். எடுத்ததைத் திரும்பவும் காணிக்கையாகக் கொடுத்துவிடுவார், மறுபடி ஏலம். குழந்தைகளுக்குச் சிரிப்பு தாங்காது. ஆனால் சித்தூர்ச் சீமை மானாவாரி நிலக்கடலைச் சீமை. மழை ஏமாற்றினால் போட்ட விதையே திரும்பாது. அப்படிப்பட்ட வருஷத்திலும் பண்டிகை நாள் தள்ளிப்போவதில்லை. குவியல் சிறியதாக இருக்கும், அவ்வளவுதான். அத்திமரம் துளிர்க்காமலும் தொழுவத்தில் மாடு இல்லாமலும் போனாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்ற கருத்தில் ஆபகூக் தீர்க்கதரிசி தன் புத்தகத்தை முடிக்கிறார். அதை வறட்சி வருஷத்தில் ஒரு விவசாயி வாசிப்பதற்கும் நகரத்தில் சம்பளக்காரர் வாசிப்பதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது.

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் வரும். விபத்தில் தப்பியவர் எழுந்து நிற்பார். புற்றுநோய் குணமானவர் நிற்பார். அதே வியாதியில் கணவனை இழந்தவளும் அதே வரிசையில் உட்கார்ந்திருப்பாள். சாட்சி என்ற வழக்கத்தின் அழகும் ஆபத்தும் இந்த ஒரே வரிசையில் இருக்கின்றன. பிழைத்தவர் மட்டுமே பேசும் மேடையில், பிழைக்காதவருக்காக யார் பேசுவது?

2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டின் முகத்திலேயே எறிந்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணி நிறைய யாத்ரீகர்கள். பேராலயத்துக்குள் திருப்பலியில் இருந்தவர்கள் தப்பினார்கள், கடற்கரையில் நின்றவர்கள் நூற்றுக்கணக்கில் போனார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். மாதா காப்பாற்றினார் என்று ஒருவர் சொன்னால், அந்த வார்த்தை அவர் அளவில் முழு உண்மை. அதே வார்த்தையைக் கடற்கரையில் குழந்தையின் கையை விட்டுவிட்ட தகப்பன் கேட்கும்போது அது அவரை வெட்டும். அந்தத் தகப்பனும் காலையில் ஜெபித்தவர்தான். பதினாலு வருஷம் கழித்து, 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறன்று, இலங்கையின் மட்டக்களப்பு சீயோன் ஆலயத்தில் குண்டு வெடித்தது. செத்தவர்களில் பலர் ஞாயிறு பள்ளி முடித்து வந்த பிள்ளைகள். நன்றிப் பண்டிகைகளிலெல்லாம் தலையானது ஈஸ்டர், அந்த நாளில். அங்கே உடனே ஸ்தோத்திரம் கேட்பவருக்கு நெஞ்சு இருக்க முடியாது.

வேதாகமமே அப்படிக் கேட்பதில்லை என்பது பலருக்கு மறந்துபோகிறது. சங்கீதப் புத்தகத்தின் 150 பாடல்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புலம்பல்கள். எவ்வளவு காலம், ஏன் கைவிட்டீர் என்று நேருக்கு நேர் கேட்பவை. பெரும்பாலானவை கடைசியில் துதிக்குத் திரும்பும். 88ஆம் சங்கீதம் திரும்புவதே இல்லை, இருட்டிலேயே முடிகிறது. அதையும் தொகுப்பிலிருந்து யாரும் எடுத்துப் போடவில்லை. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்லவர்களாக இருந்தார்கள், வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியதும் கெட்டது. ஒப்பாரி வைத்து அழத் தெரிந்த தமிழருக்கு இது புரியாத விஷயமில்லை. ஆனால் நம் மேடைகளில் துதிப்பாடல்களுக்கு இருக்கும் இடம் புலம்பலுக்கு இல்லை. இசைக்கருவிகளின் சத்தத்தில் அழுகை கேட்காமல் போகிறது. இது குறை என்று சொல்வதில் தயக்கம் வேண்டியதில்லை.

திருவிருந்தின் கிரேக்கப் பெயரான யூகரிஸ்தியா என்பதற்கு நன்றி செலுத்துதல் என்றே பொருள். இயேசு அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம் பண்ணியது காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில். மறுநாள் சிலுவையில் அவர் வாயில் வந்தது கைவிடப்பட்டவனின் சங்கீதம். ஒரே வாய், ஒரு நாளுக்குள் இரண்டும். ஜெர்மனியில் ஐலன்பர்க் ஊர்ப் போதகர் மார்டின் ரிங்கர்ட், முப்பதாண்டுப் போரின் நடுவே 1637இல் கொள்ளைநோய் வந்தபோது நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரை அடக்கம் செய்தார். அவர்களில் அவர் மனைவியும் ஒருவர். அவர் எழுதிய நன்றிப் பாட்டு உலகமெங்கும் இன்றும் பாடப்படுகிறது. வீட்டில் சாப்பாட்டு மேஜையில் பாடுவதற்காகத்தான் அது எழுதப்பட்டது என்பார்கள். சாவு நிறைந்த ஊரில், மிச்சமிருந்தவர்கள் ரொட்டியின் முன்னால் பாடியது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தமிழில் நன்றி பெரும்பாலும் கடன். செஞ்சோற்றுக் கடன் கழிக்கக் கர்ணன் உயிரையே கொடுத்தான். வள்ளுவர் செய்ந்நன்றி அறிதலுக்கென்று தனி அதிகாரமே வைத்தார். இந்த உயர்ந்த பண்பே ஏழையின் கழுத்தில் கயிறாகவும் மாறியிருக்கிறது. பண்ணையாருக்கு நன்றியோடு இரு, கூலி கேட்காதே. 1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணம் லட்சக்கணக்கில் உயிர்களை இழந்தபோது, சோறு போட்ட மிஷன்களிடம் சேர்ந்தவர்களை அரிசிக் கிறிஸ்தவர்கள் என்று ஏசினார்கள். பசித்தவன் சோறு கொடுத்த கையைப் பற்றியதில் ஏசுவதற்கு என்ன இருக்கிறது என்று அப்போது கேட்டவர்கள் குறைவு. சோற்றோடு பள்ளிக்கூடமும், பெயர் சொல்லி அழைத்த மரியாதையும் வந்தன. இரண்டையும் அதுவரை அவர்களுக்கு யாரும் கொடுத்ததில்லை.

இந்தச் சீமையின் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவரான தலித் பட்டியல் சாதியில் வரமாட்டார். சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் திறந்த கதவு இவர்களுக்கு இன்னும் மூடியே இருக்கிறது. ஆந்திராவில் பி.சி.-சி என்ற பிரிவில் ஒரு சதவீதம் மட்டும் உண்டு. ஒவ்வொரு ஞாயிறும் ஸ்தோத்திரம் சொல்பவருக்கு, அந்த விசுவாசத்துக்கான விலை சாதிச் சான்றிதழில் எழுதப்படுகிறது. 1980களில் எழுந்த தலித் இறையியல், ஒடுக்கப்பட்டவனின் ஜெபம் நன்றியில் தொடங்க வேண்டியதில்லை, வேதனையில் தொடங்கலாம் என்றது. மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்த ஜே. தியாபிலஸ் அப்பாவு, பறட்டை அண்ணன் என்று எல்லாருக்கும் தெரிந்தவர், ‘ஒரு உலை’ என்பதைத் தன் இறையியலுக்கு மையமாக வைத்தார். அவரவர் வீட்டில் தனித்தனியே சாப்பாட்டுக்கு ஜெபிப்பதை விட, அரிசியை ஒரே உலையில் போட்டு ஒன்றாகத் தின்பதே நன்றி என்பது அவர் வாதம். கூத்தும் பறையும் ஆராதனைக்குள் வந்தன. தட்டுக்கு முன்னால் கண்ணை மூடுகிறவன், பக்கத்துத் தட்டு காலியா என்று பார்க்கக் கண்ணைத் திறக்கவும் வேண்டும் என்று நாட்டுப்புற மெட்டில் கற்றுக்கொடுத்தவர் அவர்.

வேலூருக்குத் திரும்பலாம். நன்றி என்ற சொல்லுக்கு இந்த நூற்றாண்டுகளில் கிடைத்த மிகப் புதிய பொருள் அங்கேதான் பிறந்தது என்று துணிந்து சொல்லலாம்.

கொல்லிமலையில் மிஷனரிகளுக்கு 1914இல் பிறந்தவர் பால் பிராண்ட். படிக்க இங்கிலாந்து போயிருந்தபோது, 1929இல் அப்பா மலைக்காய்ச்சலில் இறந்துபோனார். மகன் அறுவை மருத்துவராகி 1946இல் வேலூருக்கு வந்தார். மறுவருஷம் செங்கல்பட்டில் ராபர்ட் காக்ரேனின் தொழுநோய் இல்லத்தைப் பார்த்தார். முடங்கிய கைகள், விரலற்ற கைகள். அந்தக் கைகளை அதுவரை எந்த எலும்பு மருத்துவரும் சரியாகத் தொட்டுப் பார்க்கவில்லை. நோய் விரலைத் தின்கிறது என்பது எல்லாரும் நம்பிய கதை. பிராண்டும் அவர் கூட்டாளிகளும் விடாமல் கவனித்துக் கண்டது வேறு. வலி தெரியாததால்தான் விரல் போகிறது. அடுப்பில் விழுந்த கிழங்கை வெறுங்கையால் எடுக்கிறார்கள். துருப்பிடித்த பூட்டில் சாவியைச் சதை கிழியத் திருகுகிறார்கள். தூங்கும்போது எலி கடிப்பதுகூடத் தெரிவதில்லை. அதற்காக நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள்.

பிராண்டுக்கே அப்படி ஓர் இரவு வந்தது. இங்கிலாந்தில் நீண்ட பயணம் முடித்து ஷூவைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்தினார், வலிக்கவில்லை. தொழுநோயாளிகளோடு வருஷக்கணக்கில் இருந்தவருக்கு அதன் பொருள் தெரியும். அந்த இரவு முழுக்கத் தூங்காமல், விட்டுவிட வேண்டியிருக்கும் வேலையையும் குடும்பத்தையும் நினைத்தபடி கிடந்தார். காலையில் மறுபடி குத்தினார். வலித்தது. பயணத்தில் ஒரு நரம்பு அழுந்தி மரத்திருக்கிறது, அவ்வளவே. அன்று வலிக்காக அவர் சொன்ன நன்றியைப் பிற்காலத்தில் ஒரு முழுப் புத்தகமாகவே எழுதினார். இங்கே ‘க்காக’ என்ற உருபு கொஞ்சம் நியாயம் பெறுகிறது. ஆனால் அதைச் சொன்னவர், வலியற்றவர்களின் தசைநார்களை மாற்றித் தைத்து விரல்களை நீட்டுவதில் வாழ்நாளைச் செலவழித்தவர். நவஜீவ நிலையத்தில் அவர்களுக்குத் தச்சுவேலை கற்றுக்கொடுத்தவர். வேறு யாராவது நாற்காலியில் சாய்ந்துகொண்டு வலி ஒரு கொடை என்று சொன்னால் கேட்க முடியாது.

அவருடைய அம்மா எவ்லின் பிராண்ட் இன்னும் பிடிவாதமானவர். மிஷன் ஓய்வு கொடுத்த பிறகு, எழுபது வயதை ஒட்டி, தனியாகக் கொல்லிமலைக்குத் திரும்பினார். இடுப்பு முறிந்து இரண்டு மூங்கில் கழியோடு நடந்தார், மட்டக் குதிரையில் மலை ஏறினார். வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்பார் மகன். தன்னைப் பற்றி நினைக்க நேரமில்லாத ஒருவர். 1974இல், 95 வயதில் இறந்தார். தென்கோடியில் டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931இல் ஒரு பள்ளத்தில் விழுந்து, சாகும் வரை ஏறத்தாழ இருபது வருஷம் படுக்கையறையிலேயே இருந்ததும் இந்தத் தலைமுறையில்தான். வலி கடைசிவரை விடவில்லை. எழுத்தும் விடவில்லை.

மேரி வர்கீஸ் கேரளத்துப் பெண், 1925இல் பிறந்தவர், வேலூரில் இளம் மருத்துவர். 1954 ஜனவரியில் நண்பர்களோடு உல்லாசப் பயணம் போன வண்டி, முந்திச் செல்ல முயன்று உருண்டது. முகம் சிதைந்தது, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயிற்று. நீண்ட மாதங்கள் அவர் இருட்டில் இருந்தார். யாரும் அவரை ஸ்தோத்திரம் சொல்ல வைத்து மீட்கவில்லை. பிராண்ட் அவரிடம் ஒரு வேலையைக் கொடுத்தார். கை அறுவை சிகிச்சை உட்கார்ந்தே செய்யக்கூடியது. சக்கர நாற்காலியில் அமர்ந்து, தொழுநோயாளிகளின் கைகளை மேரி நேராக்கினார். தன் காலில் இழந்த உணர்ச்சியைக் கையில் இழந்தவர்கள் முன்னால் அவர் உட்கார்ந்தபோது, பேசாமலேயே பல விஷயங்கள் பேசப்பட்டிருக்கும். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அதற்கென்று வேலூரில் ஒரு துறையைத் தலைமை ஏற்று நடத்தினார். 1966இல் வேலூர்ப் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

நன்றி உணர்வு மனதுக்கு நல்லது என்று உளவியலும் சொல்கிறது. 2003இல் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கலோவும் வெளியிட்ட ஆய்வில், நன்மைகளைப் பட்டியல் எழுதியவர்களின் மனநிலை, தொல்லைகளை எழுதியவர்களைவிட மேலாக இருந்தது. நரம்புத்தசை நோயாளிகளிடமும் நன்மைப் பட்டியலின் பலனைக் கண்டார்கள். பின்னால் வந்த தொகுப்பாய்வுகள் அந்தப் பலன் சிறிதுதான் என்றன. மேரி வர்கீஸிடம் பட்டியல் நோட்டு கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கலாம். அவர் கையில் கிடைத்தது அறுவைக் கத்தி.

பத்துத் தொழுநோயாளிகள் குணமாகி ஒருவன் மட்டும் நன்றி சொல்லத் திரும்பி வந்த சம்பவத்தை லூக்கா எழுதியிருக்கிறார். திரும்பியவன் சமாரியன், ஊராருக்கு ஆகாதவன். அறுப்பின் பண்டிகையில் ஆயர்கள் விரும்பி எடுக்கும் பகுதி அது. பெரும்பாலும் வராத ஒன்பது பேரைத் திட்டுவதில்தான் பிரசங்கம் முடியும். திரும்பி வருவது வேறு விதமாகவும் உண்டு. பாகாயத்தில் வருஷாவருஷம் மறுவாழ்வு மேளா என்று ஒன்று நடக்கிறது. அங்கே சிகிச்சை பெற்று வீடு போனவர்கள், முதுகுத்தண்டு முறிந்தவர்கள், சில நாள் திரும்பி வருகிறார்கள். இவர்களில் குணமானவர் யாருமில்லை, சக்கர நாற்காலியிலேயே வருகிறார்கள். சிறுநீரகப் பரிசோதனை, படுக்கைப்புண் பார்ப்பது, நாற்காலியின் சக்கரம் பழுது நீக்குவது, மாலையில் விளையாட்டுப் போட்டிகள். புதிதாக அடிபட்டு வார்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் பையன்களை வெளியே தள்ளிக்கொண்டு வந்து, பழையவர்கள் நடுவே விடுகிறார்கள். பஸ்ஸில் எப்படி ஏறுவது, கடை எப்படி வைப்பது, ராத்திரி எத்தனை தடவை புரண்டு படுப்பது என்று பேச்சு போகும்.